டி டிரைவை யார் திறக்கலாம்? வீட்டுக் கணினியில் அனுமதிகள் வேலை செய்யும் விதம்

"டி டிரைவுக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்டு போட முடியுமா?" வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மனத்தில் இருக்கும் படம் எளிமையானது. டிரைவைத் தட்டினால் ஒரு கட்டம் வந்து கடவுச்சொல் கேட்க வேண்டும். தெரிந்தவர் உள்ளே போகலாம், தெரியாதவர் திரும்பிவிட வேண்டும். விண்டோஸ் இந்த வழியில் யோசிப்பதில்லை. கணினியைத் திறக்கும்போதே "நீ யார்?" என்று ஒரு முறை கேட்டுவிடும். அதன் பிறகு எந்த டிரைவைத் தொட்டாலும், எந்தக் கோப்பைத் தொட்டாலும், உள்ளே நுழைந்திருக்கும் ஆளுக்கு இங்கே அனுமதி உண்டா என்று தனக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஆகவே டிரைவைப் பூட்டும் வேலை, ஆளைப் பிரிக்கும் வேலையிலிருந்து தொடங்குகிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா பத்திர எழுத்தர். கிரயப் பத்திரம், தானப் பத்திரம், அடமானப் பத்திரம் என்று பல வருடத்து வரைவுகள் டி டிரைவில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய ஆதார் எண், பான் எண், சர்வே எண், நான்கெல்லை விவரம். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவை எக்செல்லில் எழுதி வைக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான், மகள் எட்டாம் வகுப்பு. விடுமுறை விட்டால் பண்ருட்டியிலிருந்து அத்தை மகன் வந்து விளையாட்டை ஏற்றிவிட்டுப் போவான். கணினி ஒன்று, பயனர் பெயரும் ஒன்று, கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. இந்த வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பெண் தன் பள்ளித் திட்டத்துக்கு இடம் போதவில்லை என்று "பழைய ஃபைல்" எதையாவது அழித்துவிட்டால் போவது ஊரார் பத்திரம்.

தனித்தனிக் கணக்கு

விண்டோஸில் பயனர் கணக்குகள் இரண்டு வகை. ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது நிர்வாகி. மென்பொருள் நிறுவுவது, மற்றவர் கணக்கை மாற்றுவது, அனுமதிகளைத் திருத்துவது எல்லாம் இவர் கையில். மற்றது ஸ்டாண்டர்ட், சாதாரணக் கணக்கு. இவர் தன் வேலையைச் செய்துகொள்ளலாம்; கணினி முழுவதையும் பாதிக்கும் எதையாவது தொட்டால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போனால் புதுக் கணக்கு சேர்க்கும் பொத்தான் இருக்கும். அது முதலில் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். குழந்தைக்கு மின்னஞ்சல் இல்லையென்றால், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும்; அதைத் தட்டினால் அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே பயனரைச் சேர்க்கும் வழி கிடைக்கும். இப்படிச் சேர்க்கும் கணக்கு சாதாரணக் கணக்காகவே பிறக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். மகன் கெஞ்சுவான், "அட்மின் கொடுத்தால்தான் கேம் ஓடும்" என்பான். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு நிறுவும்போது மட்டும்தான் நிர்வாகி தேவை. அப்போது அப்பா வந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுப் போகலாம்.

இதுவரை எல்லாரும் புழங்கிய பழைய கணக்கு நிர்வாகிக் கணக்காகவே இருக்கும். அதை அப்பா வைத்துக்கொள்வது சரி, ஆனால் அதன் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். நான்கு இலக்கப் பின் எண் இருந்தால் அதையும். பலர் மறப்பது இதைத்தான். புதுக் கணக்குகளை அழகாக உருவாக்கிவிட்டு, பழைய கணக்கின் கடவுச்சொல்லை மகளின் பிறந்த தேதியாகவே விட்டுவைப்பார்கள்.

கணக்கைப் பிரித்ததுமே சில விஷயங்கள் தானாக நடந்துவிடும். ஒவ்வொருவருக்கும் சி டிரைவில், யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள், தன் பெயரில் ஓர் இடம் கிடைக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு சாதாரணக் கணக்கிலிருந்து இன்னொருவருடைய இந்த இடத்துக்குள் நுழைய முடியாது, இதற்காக நீங்கள் எதையும் அமைக்க வேண்டியதில்லை. அப்பா தன் வரைவுகளைத் தன் டாக்குமென்ட்ஸில் வைத்திருந்தால் பிரச்சினை இங்கேயே தீர்ந்திருக்கும்.

ஆனால் நம் ஊரில் யாரும் அங்கே வைப்பதில்லை. கணினியைச் சரிசெய்ய வருபவர் முதல் நாளிலேயே சொல்லிவிட்டுப் போயிருப்பார்: "சி டிரைவில் எதையும் வைக்காதீர்கள் சார், ஃபார்மட் அடித்தால் போய்விடும், எல்லாவற்றையும் டி-யில் போடுங்கள்." அவர் சொன்னதில் தவறில்லை. விண்டோஸை மறுபடி நிறுவும்போது சி டிரைவ் துடைக்கப்படலாம், டி அப்படியே நிற்கும். ஆனால் அந்த டி டிரைவ் பிறவியிலேயே வீட்டில் எல்லாருக்கும் பொது. சி டிரைவில் ஆளுக்கொரு அறை உண்டு, டி-யில் யாரும் அப்படி எதையும் பிரித்து வைக்கவில்லை. முன்னெச்சரிக்கையாகச் செய்த இடமாற்றம் கோப்புகளைத் தனியிடத்திலிருந்து பொது இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

மறைப்பது என்ற அரைப் பூட்டு

தேடினால் முதலில் கிடைக்கும் வழிகள் பெரும்பாலும் டிரைவை மறைக்கும் வழிகள்தான். விண்டோஸின் புரோ பதிப்பில், கணினிக்கு விதிகள் போடும் குரூப் பாலிசி எடிட்டர் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கென்று வரும் ஹோம் பதிப்பில் அது கிடையாது; உங்களுடையது எந்தப் பதிப்பு என்பது செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் எழுதியிருக்கும். அந்த எடிட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்ற தலைப்பின் கீழ் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று டிரைவின் படத்தை மறைக்கும். இன்னொன்று, படம் தெரிந்தாலும் தட்டினால் திறக்காமல் தடுக்கும்.

முதல் விதி ஒரு திரைச்சீலை மாத்திரமே. மேலே உள்ள முகவரிப் பட்டியில் டி என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து என்டரைத் தட்டினால் டிரைவ் திறந்துகொள்ளும். இரண்டாவது அதைவிடக் கெட்டி, என்றாலும் அது கோப்புகளைத் திறந்து காட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு இடப்பட்ட கட்டளைதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கமாண்ட் பிராம்ப்ட் போன்ற வேறு நிரல்கள் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எடிட்டரை அப்படியே திறந்து விதியை மாற்றினால் அது கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தும். மகனுக்கு மறைக்கப் போய் அப்பாவுக்கும் சேர்த்து மறைந்துவிடும்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரி வழி சொல்லப்படும். அதில் நோடிரைவ்ஸ் என்ற பெயரில் ஓர் எண்ணை எழுத வேண்டும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. விஷயம் சுவையானது. ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் ஒரு மதிப்பு, முந்தையதைப் போல இரு மடங்கு. ஏ என்றால் 1, பி 2, சி 4, டி 8, இ 16, எஃப் 32. மறைக்க வேண்டியவற்றைக் கூட்டிப் போட வேண்டும். டி-யும் இ-யும் என்றால் 24. இருபத்தாறு எழுத்துகளையும் கூட்டினால் 67108863. எந்த இரண்டு கூட்டணிக்கும் ஒரே தொகை வராது என்பதால், எண்ணைப் பார்த்ததும் எந்தெந்த டிரைவ் என்று விண்டோஸ் கண்டுபிடித்துவிடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணை எழுதும் பெட்டியில் ஹெக்சாடெசிமல், டெசிமல் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இயல்பாகத் தேர்வாகி நிற்பது ஹெக்சாடெசிமல், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் முறை. அதைக் கவனிக்காமல் 24 என்று எழுதினால் விண்டோஸ் அதை நம் கணக்கில் 36 என்று படிக்கும். 36 என்பது 32-உம் 4-உம் சேர்ந்தது. டி-யும் இ-யும் சாவகாசமாக நிற்க, சி-யும் எஃப்-உம் காணாமல் போகும். பயந்துபோய்க் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். எந்தக் கோப்பும் அழியவில்லை, படம்தான் மறைந்திருக்கிறது. எண்ணைத் திருத்தி, வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகிவிடும்.

டிரைவ்களைப் பிரித்து நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி வழியாக டிரைவின் எழுத்தையே நீக்கிவிடுவது இன்னொரு தந்திரம். அதுவும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் மறையும், நிர்வாகி நினைத்தால் ஒரு நிமிடத்தில் திரும்பி வரும்.

மறைப்பதே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தாத்தா தெரியாமல் எதையாவது இழுத்து எங்கேயாவது போட்டுவிடுவார் என்பதுதான் கவலை என்றால் மறைத்தாலே போதும். கல்லூரியில் கணினி படிக்கும் பையன் இருக்கும் வீட்டில் அது சாயங்காலம் வரை தாங்காது.

பட்டியல்தான் உண்மையான பூட்டு

விண்டோஸ் இன்று பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை 1993-இல் விண்டோஸ் என்டி-யுடன் வந்தது. அலுவலகங்களில் பலர் ஒரே கணினியைப் புழங்குவார்கள் என்று கருதி அமைத்த முறை என்பதால், ஒவ்வொரு டிரைவுக்கும், கோப்புறைக்கும், கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியலைக் கூடவே வைத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் ரயில் பெட்டியின் வாசலில் ஒட்டியிருந்த முன்பதிவுப் பட்டியலை நினைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயருக்கு எந்த இடம் என்று அதில் இருக்கும். டிக்கெட் பரிசோதகர் வந்து அதைப் பார்த்து உட்கார விடுவார் அல்லது எழுப்பி விடுவார். இங்கே பரிசோதகர் வேலையை விண்டோஸ் செய்கிறது.

டி டிரைவின் பட்டியலைப் பார்க்க, அதன் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் போய், செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். வழக்கமாக நான்கு பெயர்கள் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கும் முழு அதிகாரம். யூசர்ஸ் என்ற குழுவுக்குப் படிக்கும் அனுமதி. நான்காவதாக ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் என்று ஒன்று. ஏதோ ஒரு கணக்கில் முறையாக உள்ளே நுழைந்த எவரும் இதில் அடக்கம். இந்தப் பெயரைத் தட்டிக் கீழே பாருங்கள், மாடிஃபை என்பதற்கு நேரே டிக் இருக்கும். மாடிஃபை என்றால் படிக்கலாம், எழுதலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். எட்டாம் வகுப்புப் பெண்ணால் பத்திரத்தை அழிக்க முடிவது இந்த ஒரு வரியால்தான்.

மாற்றும் வரிசை முக்கியம். எடிட் பொத்தானைத் தட்டியதும், முதலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆட் என்பதைத் தட்டி, உங்கள் கணக்கின் பெயரை எழுதி, செக் நேம்ஸ் கொடுத்தால் அது சரிபார்த்துக்கொள்ளும். பிறகு உங்களுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள். நான்தான் நிர்வாகி ஆயிற்றே, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் நானும் அடக்கம்தானே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். நிர்வாகியாக நுழைந்தாலும் அன்றாட வேலைகளின்போது விண்டோஸ் உங்களைச் சாதாரண ஆளாகத்தான் நடத்தும். பெரிய வேலை வரும்போது மட்டும் அனுமதி கேட்டு அதிகாரத்தைக் கொடுக்கும். குழுவை மட்டும் நம்பியிருந்தால், உங்கள் டிரைவையே திறக்கும்போது உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, தொடரலாமா என்று கேட்டு நிற்கும். உங்கள் பெயர் தனியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அதன் பிறகு ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டையும் ரிமூவ் செய்யுங்கள். எவ்ரிஒன் என்று ஒரு பெயர் இருந்தால் அதையும். சிஸ்டம் என்ற பெயரைத் தொட வேண்டாம். அது வீட்டில் யாரும் அல்ல, விண்டோஸேதான். அதை நீக்கினால் வைரஸ் தடுப்பானும் காப்புப் பிரதி எடுக்கும் நிரலும் அந்த டிரைவுக்குள் போக முடியாமல் தவிக்கும்.

அப்ளை கொடுத்ததும் கோப்புகள் ஓடும். நடுவே சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற கோப்புறையின் பெயரைச் சொல்லி, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு பெட்டி எழும். பலர் இங்கே பதறி கேன்சல் கொடுத்துவிடுகிறார்கள். அது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் இடம், நாம் மாற்ற வேண்டியதும் இல்லை. கன்டின்யூ கொடுத்துவிட்டு மேலே போகலாம்.

அனுமதிப் பெட்டியில் அலவ், டினை என்று இரண்டு பத்திகள் இருக்கும். டினை என்றால் மறுப்பது. முதல் முறை பார்ப்பவருக்கு, யூசர்ஸ் குழுவுக்கு நேரே டினை போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். போடாதீர்கள். யூசர்ஸ் குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள், மறுப்பு பொதுவாக அனுமதியை மிஞ்சும். ஃபுல் கண்ட்ரோல் என்று உங்கள் பெயரில் எழுதியிருந்தாலும், குழுவின் பெயரில் ஒரு டினை இருந்தால் நீங்களும் வெளியேதான் நிற்பீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இயல்பாகவே அனுமதி இல்லை, ஆகையால் நீக்கினாலே போதும்.

எல்லா டிரைவையும் ஒரே மாதிரி இறுக்க வேண்டியதும் இல்லை. இ டிரைவில் கல்யாண ஆல்பமும் வெள்ளிக் கடற்கரைப் படங்களும் இருக்கின்றன, எல்லாரும் பார்க்கட்டும், யாரும் அழித்துவிடக் கூடாது என்றால், உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை மட்டும் நீக்குங்கள். யூசர்ஸின் படிக்கும் அனுமதி அப்படியே நிற்கட்டும். அட்வான்ஸ்டு பக்கத்தில் யூசர்ஸ் பெயரில் புதுக் கோப்பு உருவாக்கும் சிறப்பு அனுமதி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தப் படிக்க மட்டும் என்ற ஏற்பாடுதான் அதிகம் தேவைப்படுகிறது. வீட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டிய ரகசியங்கள் கொஞ்சம்தான், தெரியாமல் அழிந்துவிடக் கூடியவை ஏராளம்.

டிரைவ் முழுவதையும் தொடாமல் ஒரு கோப்புறையை மட்டும் இப்படிப் பிரிக்கவும் முடியும். மகனின் விளையாட்டும் டி-யில்தான் நிறுவப்பட்டிருக்கிறது என்றால் அதுதான் ஏற்ற வழி, டிரைவை அடைத்தால் விளையாட்டும் நின்றுபோகும். கோப்புறைக்கு அனுமதிகள் மேலே உள்ள டிரைவிலிருந்து வழிவழியாக இறங்கி வரும். அந்தப் பெயர்களை ரிமூவ் செய்யப் போனால் விண்டோஸ் விடாது. முதலில் அட்வான்ஸ்டு பக்கத்தில் டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்பதைத் தட்டி, இருக்கும் பட்டியலைச் சொந்தப் பட்டியலாக மாற்றிக்கொள்ளும் தேர்வைக் கொடுத்துவிட்டு, பிறகு நீக்க வேண்டும்.

செக்யூரிட்டி என்ற பக்கமே காணோம் என்று சிலர் சொல்வார்கள். பிராப்பர்ட்டீஸின் முதல் பக்கத்தில் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தைப் பாருங்கள். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்று எழுதியிருந்தால் அந்த டிரைவால் பட்டியல் வைத்துக்கொள்ளவே முடியாது. கடையிலிருந்து வரும் பென்டிரைவ்களும் மெமரி கார்டுகளும் பெரும்பாலும் இந்த ரகம். அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.

பரிசோதகர் இல்லாத ரயில்

பட்டியலை மதித்து நடப்பது விண்டோஸ் என்றேன். வேறு ஓர் இயங்குதளம் வந்து அந்த டிஸ்கைப் படித்தால்? அதற்கு அந்தப் பட்டியலை மதிக்கும் கடமை எதுவும் இல்லை. பென்டிரைவில் ஒரு லினக்ஸை ஏற்றிக் கணினியை அதிலிருந்து தொடங்கினால் டி டிரைவ் முழுக்கத் திறந்து கிடக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த மாணவர்களுக்கு, விண்டோஸின் கோப்புகள் அங்கிருந்தும் தெரிகின்றன என்பது அப்போதே தெரியும். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் இதே நிலைதான். அங்கே நிர்வாகியாக இருப்பவர் கோப்புகளின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எனவே உங்கள் கவலை எந்த ஆளைப் பற்றியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளைகள், விருந்தாளிகள் என்றால் அனுமதிப் பட்டியல் தாராளமாகப் போதும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்கள், மடிக்கணினியைப் பஸ்ஸில் எடுத்துப் போகிறீர்கள், திருட்டுப் போகும் வாய்ப்பு உண்டு என்றால் அது போதாது. ஊராரின் ஆதார் எண்ணை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் இந்த இரண்டாவது ரகம்.

அந்த இடத்துக்கு உரியது குறியாக்கம். கோப்புகளின் உள்ளடக்கத்தையே கலைத்து, சாவி இல்லாமல் யார் படித்தாலும் குப்பையாகத் தெரியும்படி எழுதிவைப்பது. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் என்ற பெயரில் இது உடன் வருகிறது. டி டிரைவின் மீது வலது பொத்தானை அழுத்தி, அதை இயக்கி, கடவுச்சொல் ஒன்றைக் கொடுக்கலாம். முதலில் கேட்ட "டி டிரைவுக்கு மட்டும் பாஸ்வேர்டு" என்பதற்கு மிக அருகில் வருவது இதுதான். ஹோம் பதிப்பில் இப்படித் தனி டிரைவுக்குக் கடவுச்சொல் வைக்கும் வசதி கிடையாது. அவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். டிரைவ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்தால் அந்தக் கோப்பே தனி டிரைவாகத் திறந்துகொள்ளும்படி செய்யலாம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பிட்லாக்கர் டிரைவை அப்பா காலையில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்துவிட்டார். மதியம் கணக்கை மாற்றிக்கொண்டு மகன் உட்கார்ந்தான். டிரைவ் இன்னும் திறந்தேதான் இருக்கிறது, மகனும் உள்ளே போகலாம். கணினியை மறுபடி தொடங்கும்வரை அது திறந்தே இருக்கும். வெராகிரிப்டிலும் திறந்த அந்த டிரைவை மறுபடி மூடும்வரை இதே கதை. கணினி ஓடாத நேரத்தில் காப்பது குறியாக்கம், ஓடும் நேரத்தில் ஆளுக்கு ஆள் பிரிப்பது அனுமதிப் பட்டியல். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

பிட்லாக்கரை இயக்கும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கொடுக்கும். கடவுச்சொல் மறந்தால் அதுதான் ஒரே கதி. வேறு யாராலும் திறந்து தர முடியாது. அதை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். பூட்டிய டிரைவுக்குள்ளேயே சேமித்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இன்னொரு பெரியவருக்கு அது எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது. அப்பா மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில் காப்பீட்டுத் தாள் டி டிரைவில் சிறைப்பட்டுக் கிடந்தால் பூட்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது, 2015 மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பது சாதாரணமாகவே கடினம், குறியாக்கம் செய்த டிஸ்கில் அது இன்னும் கடினம். பூட்டும் முன் வேறு ஒரு டிஸ்கில் பிரதி ஒன்றை எடுத்து, வேறு வீட்டில் வைத்துவிடுவது உத்தமம். அனுமதிகளால் திருடனையோ குழந்தையையோ தடுக்க முடியும், தண்ணீரை அல்ல.

சோதித்துப் பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் மகளின் கணக்கில் நீங்களே நுழைந்து டி டிரைவைத் தட்டுங்கள். டிரைவின் படம் தெரியும், திறக்க அனுமதி இல்லை என்ற செய்தி வரும். கன்டின்யூ கொடுத்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும். கேட்காமல் நேரே திறந்துகொண்டால் மகளின் கணக்கும் நிர்வாகிக் கணக்காக இருக்கிறது என்று பொருள். பிறகு நோட்பேடைத் திறந்து அதன் ஓப்பன் பெட்டி வழியாகவும், கமாண்ட் பிராம்ப்ட் வழியாகவும் ஒரு முறை முயன்று பாருங்கள். மறைக்கும் தந்திரங்கள் தோற்கும் இடம் இதுதான், பட்டியல் இங்கேயும் நிற்கும். தேநீர் குடிக்க எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்துத் தட்டித் திரையைப் பூட்டும் பழக்கமும் வேண்டும். அப்பாவின் கணக்கு திறந்து கிடந்தால் உட்காருபவர் எவரும் விண்டோஸுக்கு அப்பாதான்.

வேலைக்கு நடுவே எங்கேயோ தவறி, உங்கள் டிரைவிலிருந்து நீங்களே வெளியே நின்றுவிட்டால் திரும்பி வர வழி உண்டு. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போனால் மேலே ஓனர் என்று ஒரு வரி இருக்கும். சேஞ்ச் கொடுத்து உங்கள் பெயரை எழுதி, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும்படி டிக் செய்து ஓகே கொடுங்கள். கோப்புகள் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும். அதன் பிறகு பட்டியலை மறுபடி ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம். இதைச் சி டிரைவில் மட்டும் செய்துவிடாதீர்கள். அங்கே விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றின் உரிமை டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற பெயரில் இருக்கிறது. அதைப் பிடுங்கி உங்கள் பெயருக்கு எழுதினால் அப்டேட்கள் தடுமாற ஆரம்பிக்கும், பிறகு அந்த ஃபார்மட் அடிக்கும் ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.